நுண்கணிதம் கற்க வரைபடக் கணிப்பானில் நிரல் எழுதுவது பயன் தருமா?

கேள்வி: தனிப்பயிலுநர்

அனைவருக்கும் வணக்கம். பணியில் இருந்துகொண்டே நுண்கணிதத்தை ஆசிரியர் துணையின்றிக் கற்று வருகிறேன். எல்லை, தொடர்ச்சி ஆகிய பாடங்களையும் வகையிடல் விதிகளையும் முடித்துவிட்டு, இப்போது வரையறுத்த தொகையிடலைத் தொடங்கியிருக்கிறேன். என்னிடம் டிஐ-84 பிளஸ் வகையைச் சேர்ந்த ஒரு வரைபடக் கணிப்பான் இருக்கிறது. இதில் ஏற்றிக்கொள்ளத்தக்க நிரல்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. சார்பைக் கொடுத்தால் வகைக்கெழுவைப் படிப்படியாக எழுதிக் காட்டும் நிரல் உண்டு. வளைவரையின் கீழுள்ள பரப்பைச் செவ்வகங்களாகப் பிரித்து வரைந்து கூட்டும் நிரல் உண்டு. நியூட்டன் முறையில் சமன்பாட்டின் மூலத்தைக் காணும் நிரலும் உண்டு.

இவற்றைப் பயன்படுத்தும்போது பாடம் தெளிவாகப் புரிவது போலத் தோன்றுகிறது. ஆனால் கணிப்பானை மூடிவிட்டு வெற்றுத் தாளில் அதே வகைக் கணக்கைத் தொடங்கினால், முதல் வரியை எப்படி எழுதுவது என்பதே பிடிபடுவதில்லை. ஆகவே, இத்தகைய நிரல்கள் உண்மையில் கற்க உதவுகின்றனவா, அல்லது கற்க வேண்டிய வேலையை நமக்குப் பதிலாகத் தாமே செய்துவிடுகின்றனவா என்பதை அறிய விரும்புகிறேன். நானே நிரல் எழுதுவது நல்லது என்றால், எதிலிருந்து தொடங்கலாம்? மடக்குக் கட்டளையையும் நிபந்தனைக் கட்டளையையும் பயன்படுத்தும் அளவுக்கு மட்டுமே எனக்கு நிரலாக்கம் தெரியும்.

இத்துடன் இன்னொரு ஐயமும் உண்டு. எக்ஸின் மட்டு மதிப்புக்கு 0 என்னும் புள்ளியில் வகைக்கெழு இல்லை என்று பாடநூல் கூறுகிறது. ஆனால் கணிப்பானில் உள்ள ‘என்டெரிவ்’ கட்டளையிடம் கேட்டால் 0 என்று தயக்கமின்றி விடை தருகிறது. எதை நம்புவது?

மறுமொழி: கரும்பலகை

உங்கள் இரண்டாம் ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பாடநூல் சொல்வதே சரி. கணிப்பான் வகைக்கெழுவைக் கண்டுபிடிப்பதில்லை. கேட்ட புள்ளிக்கு இடப்புறமும் வலப்புறமும் சம தொலைவில் இரு புள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றை இணைக்கும் வெட்டுக்கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு, அதை வகைக்கெழுவாக நமக்குக் காட்டுகிறது. நாம் வேறு எதையும் குறிப்பிடாதபோது உங்கள் கணிப்பான் எடுத்துக்கொள்ளும் தொலைவு 0.001 ஆகும். மட்டு மதிப்புச் சார்பு 0.001 என்னும் இடத்திலும் −0.001 என்னும் இடத்திலும் ஒரே மதிப்பைப் பெறுவதால், அவற்றின் வித்தியாசம் 0, அதை 0.002 ஆல் வகுத்தாலும் 0. கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இடப்புறத்திலிருந்து நெருங்கும்போது சாய்வு −1 ஆகவும் வலப்புறத்திலிருந்து நெருங்கும்போது 1 ஆகவும் இருக்கின்றனவே, இவ்விரண்டும் ஒன்றுபடுமா என்ற கேள்வியைக் கணிப்பான் எந்த இடத்திலும் எழுப்பவில்லை. நுண்கணிதம் என்பதோ அந்தக் கேள்விதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். படிப்படியாக விடை எழுதிக் காட்டும் நிரலைக் கற்கும் காலத்தில் ஒதுக்கிவைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சங்கிலி விதியையும் பெருக்கல் விதியையும் கை பழக வேண்டும். ஒரு சார்பைப் பார்த்தவுடன் அது எந்தச் சார்புக்குள் எந்தச் சார்பை வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்தறிவதுதான் அங்கே உள்ள ஒரே திறமை. அந்தப் பிரித்தறிதலையே நிரல் செய்து முடித்துவிடுகிறது. மீதமிருப்பதை வாசித்துத் தலையசைப்பதால் அத்திறமை வருவதில்லை. வெற்றுத் தாளின் முன் நீங்கள் உணர்வது இதன் விளைவே.

மாறாக, நீங்களே எழுதும் சிறு நிரல் வேறு வகையில் வேலை செய்கிறது. ஒரு வரையறையை நிரலாக எழுத வேண்டுமானால், அதில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது, எது முதலில் கணக்கிடப்பட வேண்டும் என்பவற்றை ஒன்றுவிடாமல் தீர்மானித்தாக வேண்டும். முதல் நிரலாக வகைக்கெழுவின் வரையறையையே எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியைக் கேட்டு வாங்கவும். இடைவெளியை 1 என்று வைக்கவும். மடக்குக்குள் ஒவ்வொரு முறையும் இடைவெளியைப் பத்தால் வகுத்து, சார்பின் இரு மதிப்புகளின் வித்தியாசத்தை இடைவெளியால் வகுத்துத் திரையில் காட்டவும். ஏழெட்டு வரிகளுக்கு மேல் தேவைப்படாது.

அதை இயக்குவதற்கு முன்பு, என்ன விடை வரும் என்று தாளில் எழுதிவைத்துவிட வேண்டும் என்பதே நான் வலியுறுத்தும் ஒரே விதி. எக்ஸ்³ என்னும் சார்பை 2 என்னும் புள்ளியில் எடுத்துக்கொண்டால், இடைவெளி 0.1 ஆகும்போது 12.61 என்றும், 0.01 ஆகும்போது 12.0601 என்றும் நிரல் காட்டும். இது 12 ஐ நெருங்குகிறது என்று சொல்லி நிறுத்திவிட்டால் நிரல் பாதிதான் பயன்பட்டது. 12 க்கு மேலுள்ள அந்த 0.61 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இரண்டுடன் இடைவெளியைக் கூட்டிக் கனத்தை விரித்து எழுதி, எட்டைக் கழித்து, இடைவெளியால் வகுத்தால், 12 உடன் இடைவெளியின் ஆறு மடங்கும் இடைவெளியின் வர்க்கமும் சேர்ந்து நிற்கும். இடைவெளி 0.1 எனில் 0.6 உம் 0.01 உம் சேர்ந்து 0.61. திரையில் தெரிந்த ஒவ்வொரு இலக்கமும் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று நீங்கள் இப்போது சொல்ல முடியும்.

பிறகு அதே நிரலில் ஒரு வரியை மட்டும் மாற்றி, கணிப்பான் செய்வது போல இருபுறமும் சமதொலைவில் புள்ளிகளை எடுக்கச் செய்யுங்கள். விடை 12.01, 12.0001 என்று வரும். இடைவெளியின் ஆறு மடங்கு என்ற உறுப்பு மறைந்து, வர்க்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இது ஏன் மறைந்தது என்பதைத் தாளில் விரித்துப் பார்த்தால், கணிப்பானை உருவாக்கியவர்கள் ஏன் இந்த முறையைத் தேர்ந்தார்கள் என்பதும் விளங்கும்.

தொகையிடலுக்கும் இதே வழிதான். 0 முதல் 1 வரை எக்ஸ்² இன் பரப்பை எடுத்துக்கொண்டு, பத்துச் செவ்வகங்களுக்கு இடப்புற உயரங்களால் கூட்டினால் 0.285, வலப்புற உயரங்களால் கூட்டினால் 0.385, நடுப்புள்ளி உயரங்களால் கூட்டினால் 0.3325 கிடைக்கும். இட, வலக் கூட்டல்களின் சராசரியான 0.335 தான் சரிவக விதியின் விடை. உண்மையான விடை மூன்றில் ஒரு பங்கு. நடுப்புள்ளி விதி சற்றுக் குறைவாகவும் சரிவக விதி சற்று அதிகமாகவும் தருகின்றன. அதிலும் சரிவக விதியின் பிழை, நடுப்புள்ளி விதியின் பிழையைப் போல் இரு மடங்காக இருக்கிறது. அப்படியானால் நடுப்புள்ளி விடையை இரு முறையும் சரிவக விடையை ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுத்தால் என்ன ஆகும்? 0.665 உம் 0.335 உம் சேர்ந்து 1. மூன்றால் வகுக்க, மிகச் சரியான விடை. சிம்ப்சன் விதி என்று நூல்களில் வருவது இதுதான். நூலில் சூத்திரமாகப் படித்தால் மறந்துபோகும் இந்த விதி, உங்கள் நிரலின் இரு விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தானாகவே எழுந்து வருகிறது. செவ்வகங்களை வண்ணத்தில் வரைந்து காட்டும் ஆயத்த நிரல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இந்த எண்களை ஒப்பிட வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எழுவதில்லை.

மறுமொழி: வரைகோடு

கரும்பலகை அவர்கள் சொன்னவற்றுள் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தனியாகக் கற்பவருக்கு ஒரு தேவை கூடுதலாக உண்டு: தாம் எழுதிய விடை சரியா என்று சொல்ல அருகில் யாரும் இல்லை. அந்த இடத்தில் கணிப்பானை ஒதுக்கிவைப்பது தேவையற்ற கடுமை. விடையைச் சொல்லாமல், நம் விடை சரியா தவறா என்பதை மட்டும் சொல்லும்படி அதைப் பயன்படுத்த வழியிருக்கிறது.

எக்ஸ்² ஐயும் சைன் எக்ஸையும் பெருக்கி வரும் சார்பைக் கையால் வகையிட்டு முடித்த பிறகு, உங்கள் விடையை முதல் வரைபடமாகவும், மூலச் சார்பின் ‘என்டெரிவ்’ மதிப்பை இரண்டாம் வரைபடமாகவும் கொடுத்து வரையுங்கள். பெருக்கல் விதியைச் சரியாகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே செல்லும். இரு வகைக்கெழுக்களை வெறுமனே பெருக்கி 2எக்ஸ் கோசைன் எக்ஸ் என்று ஒருவர் எழுதியிருந்தால், இரு கோடுகளும் உடனே பிரிந்துவிடும். தவறு எங்கே என்று கணிப்பான் சொல்லாது. தேட வேண்டியவர் நீங்கள்தான். படிப்படியாகக் காட்டும் நிரலைவிட இது மேல் என்று நான் கருதுவதற்குக் காரணமும் அதுவே. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அட்டவணையைத் திறந்து சில மதிப்புகளையும் ஒப்பிட வேண்டும். பெரிய அளவுகோலில் சிறு வேறுபாடுகள் கண்ணுக்குத் தெரியாது.

வரையறாத் தொகையிடலிலும் இது அருமையாக உதவுகிறது. சைன் எக்ஸ், கோசைன் எக்ஸ் ஆகியவற்றின் பெருக்கத்தை ஒருவர் தொகையிட்டுச் சைன் வர்க்கத்தில் பாதி என்கிறார். இன்னொருவர் கோசைன் வர்க்கத்தில் பாதியின் எதிர்மறை என்கிறார். இரண்டும் வேறுபட்ட விடைகளாகத் தோன்றும். வரைந்து பார்த்தால் ஒன்று மற்றொன்றுக்கு எல்லா இடத்திலும் சரியாக 0.5 மேலே இருக்கும். தொகையிடல் மாறிலியை ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

ஆயத்த நிரலை நான் தயங்காமல் பரிந்துரைக்கும் இடமும் ஒன்று உண்டு. வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு வரும்போது சாய்வுப் புலம், அதாவது பல புள்ளிகளில் தீர்வின் சாய்வைச் சிறு கோடுகளால் காட்டும் படம், வரைய வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான சிறு கோடுகளைக் கையால் போடுவதில் முதல் இருபதுக்குப் பிறகு கற்பதற்கு எதுவும் இல்லை. அதற்கு ஆயத்த நிரலை எடுத்துக்கொண்டு, அதன்மேல் தீர்வுக் கோடு எப்படிச் செல்லும் என்று விரலால் முதலில் ஊகித்துப் பாருங்கள். ஆய்லர் முறையை மட்டும் நீங்களே எழுதுங்கள். வளரும் வேகம் தன் மதிப்புக்கே சமமாக இருக்கும் சார்பை 1 இலிருந்து தொடங்கி, 0.1 படிகளில் எக்ஸ் 1 ஆகும்வரை நகர்த்தினால் 2.5937 வரும்; 0.01 படிகளில் 2.7048 வரும். இவை 1.1 இன் பத்தாம் அடுக்கும் 1.01 இன் நூறாம் அடுக்குமே என்பதை நிரலின் மடக்கை ஒருமுறை வாசித்தாலே கண்டுகொள்ளலாம். ஆய்லர் எண்ணின் எல்லை வரையறையும், படிப்படியாக நகரும் இந்த முறையும் ஒரே கணக்குதான் என்பது அப்போது தெரியவரும்.

மறுமொழி: தனிப்பயிலுநர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வெட்டுக்கோட்டுச் சாய்வுக்கான நிரலை எழுதிவிட்டேன். எக்ஸ்³ க்கு நீங்கள் குறிப்பிட்ட எண்களே வந்தன. பிறகு சைன் எக்ஸை 1 என்னும் புள்ளியில் எடுத்து, இடைவெளியைத் தொடர்ந்து பத்தால் வகுத்துக்கொண்டே போனேன். விடை கோசைன் 1 ஐ, அதாவது 0.5403023 ஐ நெருங்கியது. ஆனால் இடைவெளி மேலும் மேலும் சிறிதாகும்போது இலக்கங்கள் கலையத் தொடங்கி, முடிவில் 0 என்று வந்துவிட்டது. எல்லையின் வரையறைப்படி இடைவெளி சிறிதாகச் சிறிதாக விடை துல்லியமாக வேண்டுமல்லவா? நிரலில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

மறுமொழி: எண்முறை

உங்கள் நிரலில் பிழை இல்லை. நீங்கள் கண்டிருப்பது எண்முறைக் கணிதத்தின் மையமான செய்திகளுள் ஒன்று. இதை நுண்கணிதத்தின் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது மிகவும் நல்லது.

கணிப்பானின் எண்கள் மெய்யெண்கள் அல்ல. உங்கள் கருவி ஒவ்வோர் எண்ணையும் 14 முக்கிய இலக்கங்களுடன் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, திரையில் 10 இலக்கங்களைக் காட்டுகிறது. 1 உடன் 10⁻¹⁴ ஐக் கூட்டினால் அதை எழுதப் பதினைந்து இலக்கங்கள் தேவை. ஆகவே கூட்டுத்தொகை மீண்டும் 1 ஆகவே பதிவாகிறது. அப்போது சார்பின் இரு மதிப்புகளும் ஒன்றே, வித்தியாசம் 0, விடை 0. அதற்கு முந்தைய படிகளில் நிகழ்வதும் இதன் மென்மையான வடிவமே. இடைவெளி 10⁻¹² ஆக இருக்கும்போது சைன் மதிப்பு மாறுவது ஏறக்குறைய 0.54 × 10⁻¹² அளவுக்குத்தான். பதினான்கு இலக்கங்களில் முதல் பன்னிரண்டும் இரு மதிப்புகளிலும் ஒன்றாக இருந்து கழித்தலில் அடிபட்டுப்போக, கடைசி ஓரிரு இலக்கங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அவற்றைக் கொண்டு ஏழெட்டு இலக்கத் துல்லியத்தை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

ஆக, இங்கே இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் செயல்படுகின்றன. வெட்டுக்கோடு தொடுகோடாகாமல் இருப்பதால் வரும் பிழை இடைவெளியுடன் சேர்ந்து குறைகிறது. இலக்கங்கள் அடிபட்டுப்போவதால் வரும் பிழையோ இடைவெளி குறையக் குறைய வளர்கிறது. ஒருபுறப் புள்ளியை மட்டும் எடுக்கும் உங்கள் முதல் நிரலுக்கு, இவ்விரண்டும் சமனாகும் இடம் 10⁻⁷ ஐ ஒட்டி இருக்கும். இருபுறமும் எடுக்கும் நிரலுக்கு அது 10⁻⁵ ஐ ஒட்டியே வந்துவிடும். ஏனெனில் அதன் முதல் வகைப் பிழை இடைவெளியின் வர்க்கத்தைப் போல வேகமாகக் குறைகிறது. கணிப்பான் தன் 0.001 உடன் சைன் எக்ஸுக்கு 1 இல் தரும் 0.5403022158 என்னும் விடையைக் கோசைன் 1 உடன் ஒப்பிட்டால், வேறுபாடு ஏறக்குறைய 0.00000009. கோசைன் 1 ஐ ஆறால் வகுத்து இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கினால் இதே எண் கிடைக்கும். டெய்லர் தொடரைப் படிக்கும்போது இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று திரும்பி வந்து பாருங்கள்.

இதே காரணத்தால் எல்லைக் கணக்குகளை அட்டவணையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒன்றிலிருந்து கோசைன் எக்ஸைக் கழித்து எக்ஸ்² ஆல் வகுத்தால், எக்ஸ் 0 ஐ நெருங்கும்போது எல்லை 0.5. எக்ஸ் 0.1, 0.01, 0.001 என்னும்போது அட்டவணை அழகாக 0.5 ஐ நோக்கிச் செல்லும். 10⁻⁸ க்குச் சென்றால் கோசைன் மதிப்பு 1 என்றே பதிவாகி, விடை 0 என்று வரும். அட்டவணையின் கடைசி வரியை நம்பியவர் தவறான விடையை எழுதுவார். அதே கோவையை அரைக்கோணச் சூத்திரத்தால் மாற்றி, அரை எக்ஸின் சைன் வர்க்கத்தைப் போல் இரு மடங்கை எக்ஸ்² ஆல் வகுப்பதாக எழுதினால், 10⁻⁸ இலும் 0.5 வரும். இயற்கணிதத்தில் சமமாக உள்ள இரு கோவைகள் கணிப்பானுக்குச் சமமல்ல என்பதை இந்த ஒரு எடுத்துக்காட்டே காட்டிவிடும்.

நியூட்டன் முறை நிரலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை அவசியம் நீங்களே எழுதுங்கள்; தொடுகோடு எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தை அடுத்த மதிப்பாக எடுக்கும் ஒரே வரிதான் மடக்குக்குள் வரும். எக்ஸ்² − 2 என்னும் கோவைக்கு 1 இலிருந்து தொடங்கினால் 1.5, 1.416667, 1.414215686, 1.414213562 என்று நான்கே படிகளில் திரை நிறையும். சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிப்பாவதைக் கவனியுங்கள். அத்தோடு நின்றுவிடாமல் எக்ஸ்³ − 2எக்ஸ் + 2 க்கு 0 இலிருந்து தொடங்குங்கள். அடுத்த மதிப்பு 1; அதற்கடுத்தது 0; மீண்டும் 1. நிரல் ஓயாமல் இரு எண்களுக்கிடையே சுற்றிக்கொண்டிருக்கும். எக்ஸின் கனமூலத்துக்கு 0 தவிர வேறெந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும், ஒவ்வொரு படியிலும் குறி மாறி, விடையைவிட்டு இரு மடங்கு தொலைவுக்கு விலகிக்கொண்டே போகும். இரண்டு இடங்களிலும் தொடுகோடுகளை வரைந்து பார்த்தால் காரணம் விளங்கிவிடும். ஆயத்த நிரல்கள் பெரும்பாலும் இத்தகைய நிலைகளில் ‘விடை இல்லை’ என்று ஒரு வரி காட்டி நின்றுவிடுவதால், மிகவும் பார்க்கத்தக்க பகுதி நம் கண்ணில் படாமலே போகிறது.

மறுமொழி: வரைகோடு

எண்முறை அவர்கள் அட்டவணையைப் பற்றிச் சொன்னதோடு வரைபடத்தைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவண்ணத் திரை கொண்ட டிஐ-83, டிஐ-84 பிளஸ் கருவிகளில் வரைபடத்தின் அகலம் 95 புள்ளிகள். அதாவது 94 இடைவெளிகள். ரேடியன் நிலையில் எக்ஸ் 0 முதல் 2 பை வரை என்று சாளரத்தை அமைத்து, சைன் 94எக்ஸ் வரையச் சொன்னால், கருவி மதிப்பிடும் ஒவ்வோரிடத்திலும் சார்பு 0 ஆகவே இருப்பதால் ஒரு நேர்கோடு தெரியும். சைன் 95எக்ஸ் என்று கொடுத்தால், அசல் சைன் எக்ஸின் ஒற்றை அலை தெரியும். வண்ணத் திரை கொண்ட கருவியில் அகலம் 265 புள்ளிகள் என்பதால் அங்கே 264, 265 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வகைக்கெழுவின் மூலம் ஒரு சார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கையால் கணக்கிட்டுவிட்டுப் பிறகு வரைபடத்தைப் பார்க்கும் பழக்கம் இருந்தால், இது நம்மை ஏமாற்றாது.

பாகை நிலையையும் ஒருமுறை வேண்டுமென்றே வைத்துப் பாருங்கள். சைன் எக்ஸின் வகைக்கெழு 0 என்னும் புள்ளியில் 1 க்குப் பதிலாக 0.01745 என்று வரும். அது பையை 180 ஆல் வகுத்த மதிப்பு. நுண்கணிதத்தில் கோணத்தை எப்போதும் ரேடியனில் அளப்பதன் காரணம் இதுதான்.

மறுமொழி: தனிப்பயிலுநர்

இவை யாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறேன். கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். −1 முதல் 1 வரை எக்ஸ்² இன் தலைகீழியைத் தொகையிட்டால், அடிப்படைத் தேற்றத்தைப் பயன்படுத்தி −2 என்று வருகிறது. என் நடுப்புள்ளி நிரலோ பெரிய மிகை எண்ணைத் தருகிறது. எங்கும் மிகையாகவே உள்ள சார்பின் பரப்பு எப்படிக் குறையெண்ணாக முடியும்?

மறுமொழி: கரும்பலகை

முடியாது, உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. அடிப்படைத் தேற்றத்தின் அந்தப் பகுதி, தொகையிடும் இடைவெளி முழுவதும் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று கோருகிறது. இந்தச் சார்பு 0 இல் எல்லையின்றி உயர்கிறது. அங்கே செங்குத்தான தொலைத்தொடுகோடு இருக்கிறது. ஆகவே −2 என்பது தேற்றம் பொருந்தாத இடத்தில் தேற்றத்தைப் பயன்படுத்தியதன் விளைவு.

உங்கள் நிரலின் எண்ணையும் விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூறுகளின் எண்ணிக்கை இரட்டை எண்ணாக இருக்கும்வரை நடுப்புள்ளி ஒருபோதும் 0 இல் விழாது என்பதால், கணிப்பான் எந்த எச்சரிக்கையும் தராமல் கூட்டிக்கொண்டே போகும். இரண்டு கூறுகளுக்கு 8, நான்குக்கு 17.78, பத்துக்கு 47.35, நூறுக்கு ஏறக்குறைய 491 என்று வரும். கூறுகளின் எண்ணிக்கை கூடும் விகிதத்திலேயே விடையும் கூடுகிறது. எந்த எண்ணிலும் வந்து நிலைபெறுவதில்லை. இந்தத் தொகை விரிகிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி. ஆனால் அறிகுறி மட்டுமே. நிறுவுவதற்கு, 0 க்குச் சற்று வலப்புறம் உள்ள ஒரு புள்ளியிலிருந்து 1 வரை கையால் தொகையிட்டு, அந்தப் புள்ளி 0 ஐ நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

அதை முடித்த பின், எக்ஸின் வர்க்கமூலத்தின் தலைகீழியை 0 முதல் 1 வரை அதே நிரலில் கொடுங்கள். இதுவும் 0 இல் எல்லையின்றி உயரும் சார்புதான். ஆனால் 100 கூறுகளுக்கு ஏறக்குறைய 1.94, 400 கூறுகளுக்கு ஏறக்குறைய 1.97 என்று வந்து, 2 ஐ நோக்கி மெதுவாக நகரும். கூறுகளை நான்கு மடங்காக்கும்போது பிழை பாதியாகத்தான் குறையும். எக்ஸ்² க்கு அதே நான்கு மடங்கு, பிழையைப் பதினாறில் ஒரு பங்காக்குவதை உங்கள் பழைய எண்களிலிருந்தே சரிபார்க்கலாம். இரு உயரங்களும் எல்லையற்றவையாக இருந்தும் ஒரு பரப்பு மட்டும் எப்படி முடிவுறு எண்ணாகிறது என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். ஏதேனும் ஒரு படியில் தடைப்பட்டால் அந்தப் படியை இங்கே அப்படியே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.